1966-இன் அலியும் 1988-இன் டைசனும்: காலம் கடந்த ஹெவிவெயிட் மோதல்கள் பற்றி

குத்துச்சண்டையின் மிக உயர்ந்த எடைப் பிரிவான ஹெவிவெயிட்டைப் பற்றிய கேள்வி இரண்டு பகுதிகளாக வந்திருக்கிறது. உச்சத்தில் இருந்த முகமது அலியும் உச்சத்தில் இருந்த மைக் டைசனும் மோதியிருந்தால் யார் வென்றிருப்பார் என்பது முதற்பகுதி. ஜோ லூயிஸ், ராக்கி மார்சியானோ போன்ற பழைய சாம்பியன்கள் இன்றைய டைசன் ஃபியூரி, ஒலெக்சாண்டர் உசிக் ஆகியோர் முன் தாக்குப்பிடித்திருப்பார்களா என்பது இரண்டாம் பகுதி. என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அலி வென்றிருப்பார், ஆனால் அவருடைய ரசிகர்கள் நினைப்பது போல எளிதாக அல்ல. மார்சியானோ இன்றைய பெரிய உடம்புக்காரர்களிடம் தோற்றிருப்பார். லூயிஸை மட்டும் அப்படி ஒரு வரியில் ஒதுக்கிவிட முடியாது. இனி காரணங்களுக்கு வருகிறேன்.

இந்தக் கற்பனை மோதல்களைக் கணினியிடம் ஒப்படைத்துத் தீர்த்துவிடலாம் என்று 1967-இலேயே ஒருவர் முயன்றார். மர்ரே வொரோனர் என்ற வானொலித் தயாரிப்பாளர், எல்லாக் காலத்துச் சாம்பியன்களின் விவரங்களையும் கணினிக்குக் கொடுத்து, அது தந்த முடிவுகளை நேர்முக வர்ணனை போல அமைத்து ஒலிபரப்பினார். அதில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கக் காலத்து ஜிம் ஜெஃப்ரீஸிடம் அலி தோற்றதாக முடிவு வந்தது. அப்போது பட்டமும் உரிமமும் பறிக்கப்பட்டு வளையத்துக்கு வெளியே நின்றுகொண்டிருந்த அலி, தம் பெயருக்குக் களங்கம் என்று பத்து லட்சம் டாலர் கேட்டு வழக்குத் தொடர்ந்தார். வழக்கு சமரசத்தில் முடிந்தது. அந்தச் சமரசத்தின் விளைவாக, 1969-இல் அலியும் ஓய்வுபெற்றுப் பதின்மூன்று ஆண்டுகள் கடந்திருந்த மார்சியானோவும் ஒரு படப்பிடிப்பு அரங்கில் நேருக்கு நேர் நின்று, ஒரு நிமிடச் சுற்றுகளாகச் சுமார் எழுபது சுற்றுகள் நடித்துக் கொடுத்தார்கள். மார்சியானோ உடம்பைப் பெருமளவு இளைக்கவைத்து, வழுக்கையை மறைக்கப் பொய்முடி வைத்துக்கொண்டு வந்தார். படப்பிடிப்பு முடிந்து சில வாரங்களிலேயே விமான விபத்தில் அவர் இறந்துவிட்டதால் முடிவைப் பார்க்க அவருக்கு வாய்க்கவில்லை. 1970 ஜனவரியில் அமெரிக்கத் திரையரங்குகளில் காட்டப்பட்ட படத்தில் மார்சியானோ 13-ஆவது சுற்றில் அலியை வீழ்த்தினார். ஐரோப்பாவில் காட்டப்பட்டதிலோ அலி வென்றார். ஊருக்கேற்ற முடிவைத் தந்த அந்தக் கணினியை நான் குறைசொல்ல மாட்டேன். எந்த ஆண்டின் அலி, எந்த விதியின்கீழ், எந்த நடுவர் முன்னிலையில் என்று எதையும் குறிப்பிடாத கேள்விக்கு இரண்டு விடையும் பொருந்தத்தான் செய்யும்.

ஆகவே 'உச்சம்' என்ற சொல்லைத்தான் முதலில் பிடித்து நிறுத்த வேண்டும். அலியின் உச்சம் என்று கேட்டால் பெரும்பாலோர் 1966 நவம்பரில் ஹூஸ்டனில் கிளீவ்லண்ட் வில்லியம்ஸை மூன்று சுற்றுகளுக்குள் சிதைத்த இரவைச் சொல்வார்கள். டைசனின் உச்சம் என்றால் 1988 ஜூன் 27-இல் மைக்கேல் ஸ்பிங்ஸை 91 விநாடிகளில் முடித்த இரவு. இரண்டும் பார்க்கத் தெவிட்டாத காட்சிகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் வில்லியம்ஸ் அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன் காவலர் ஒருவரின் துப்பாக்கிக் குண்டு வயிற்றில் பாய்ந்து, ஒரு சிறுநீரகத்தை இழந்து, உயிர் பிழைத்து வந்தவர். ஸ்பிங்ஸோ அடிப்படையில், எடை குறைந்த லைட் ஹெவிவெயிட் பிரிவின் வீரர். அந்த இரவுக்குப் பிறகு அவர் ஒருமுறைகூடச் சண்டையிடவில்லை. ஒரு வீரரை மிக ஒளிமயமாகக் காட்டும் இரவு, பெரும்பாலும் எதிராளி மிகவும் நொய்ந்திருந்த இரவாகவும் இருந்துவிடுகிறது. அதனால், இருவரையும் அவர்கள் ஜொலித்த இரவுகளைக் கொண்டு எடைபோடாமல், உடல் நல்ல நிலையில் இருந்த காலத்தில் சிரமப்பட்ட இரவுகளைக் கொண்டு எடைபோடுவதே என் வழக்கம்.

இங்கே ஒரு சிறு இடைச்செருகல். 1980-இல் அலி சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை ஆடியதை நேரில் பார்த்த பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் கண்டது ஓய்வு அறிவித்துவிட்ட, 38 வயது அலியை. அதே ஆண்டு அக்டோபரில் லாரி ஹோம்ஸிடம் பத்துச் சுற்றுகள் அடிவாங்கி நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டவரும் அந்த அலிதான். பெயர் ஒன்றே தவிர, 1966-இன் மனிதர் வேறு.

அந்த 1966 அலியிடம் குறைகள் வெளிப்படையாகவே இருந்தன. கைகளை இடுப்பளவுக்குத் தாழ்த்தி வைத்துக்கொள்வார். குத்து வரும்போது தலையைப் பக்கவாட்டில் நழுவவிடாமல் நேராகப் பின்னுக்குச் சாய்ப்பார். எதிராளியின் விலாவிலும் வயிற்றிலும் குத்துவது மிக அரிது. நேரே வரும் குத்துக்குப் பின்சாய்வது போதும். ஆனால் உள்ளே காலெடுத்து வைத்தபடி வளைந்து வரும் இடக்கை ஹூக்குக்கு அது போதாது. அவரைக் கீழே தள்ளியவர்களின் பட்டியலே இதற்குச் சாட்சி. 1962-இல் சானி பேங்க்ஸ், 1963-இல் ஹென்றி கூப்பர், 1971-இல் ஜோ ஃப்ரேசியர் ஆகிய மூவரும் அவரை வீழ்த்தியது இடக்கை ஹூக்கால்தான். வெம்ப்ளியில் கூப்பர் விட்ட ஹூக் நான்காம் சுற்றின் கடைசி விநாடிகளில் தாடையில் இறங்கியது. கயிற்றோடு சரிந்த அலி தள்ளாடி எழுவதற்கும் மணி அடிப்பதற்கும் சரியாக இருந்தது. கூப்பரின் எடை சுமார் 84 கிலோதான். டைசன் 99 கிலோவில், இன்னும் குறுகிய தொலைவிலிருந்து, அதே குத்தை இரண்டு மூன்றாகச் சேர்த்து விடக்கூடியவர். இதை அலி ரசிகர்கள் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

டைசன் பக்கத்திலும் இதே கணக்கைப் போட வேண்டும். டோக்கியோவில் 1990 பிப்ரவரியில் பஸ்டர் டக்ளஸிடம் தோற்றது உண்மையான டைசன் அல்ல என்பது அவர் ரசிகர்களின் வாதம். அதில் நியாயம் உண்டு. பயிற்சியாளர் கெவின் ரூனியை விலக்கிவிட்டு, ஒழுங்காகத் தயாராகாமல் வந்த டைசன் அவர். கண் வீக்கத்தை அமுக்குவதற்கான இரும்புக்கட்டிகூட, சுற்றுகளுக்கு இடையே பயிற்சிக் குழு அவரைக் கவனிக்கும் மூலையில் இல்லாமல், ரப்பர் கையுறையில் குளிர்நீரை நிரப்பி ஒற்றிக்கொண்டிருந்தார்கள். சரி, அந்தச் சண்டையை விட்டுவிடுவோம். ரூனி மூலையில் இருந்த நல்ல நாட்களிலேயே, 1986 மே மாதத்தில் ஜேம்ஸ் டில்லிஸ் காலை நகர்த்திக்கொண்டே ஜாப் (முன்னே நீட்டிய கையால் விடும் நேரான, விரைவான குத்து) விட்டுப் பத்துச் சுற்றுகள் நின்றார். 1987 மார்ச்சில் ஜேம்ஸ் 'போன்கிரஷர்' ஸ்மித் 12 சுற்றுகளும் டைசனைக் கட்டிப்பிடித்தபடியே கழித்தார். நடுவர் மில்ஸ் லேன் பாயிண்ட் குறைத்தும் ஸ்மித் விடவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் 196 சென்டிமீட்டர் உயரமுள்ள டோனி டக்கர் முதற்சுற்றிலேயே கீழிருந்து மேல்நோக்கி வரும் ஓர் அப்பர்கட் குத்தால் டைசனை நிமிர்த்திவிட்டு, கடைசிச் சுற்றுவரை நின்றார். மூன்றிலும் வென்றது டைசன்தான். ஆனால் அவரைத் தடுக்கும் வழி என்ன என்பதை இந்த மூவரும் தனித்தனித் துண்டுகளாகக் காட்டிவிட்டார்கள்: நகர்தல், பிடித்தல், நீண்ட கை. அலியிடம் இந்த மூன்றும் ஒருசேர இருந்தன. அவருடைய கைவீச்சு, அதாவது விரித்த இரு கைகளின் நீளம், 198 சென்டிமீட்டர்; டைசனுடையது 180.

அலியின் பிடிக்கும் கலையைப் பற்றிப் பலர் பேசுவதே இல்லை. எதிராளி உள்ளே வந்ததும் இடக்கையை அவர் பிடரியில் போட்டுத் தலையைக் கீழே அழுத்திவிடுவார். உடம்பின் எடை முழுவதையும் அப்போது எதிராளியின் கழுத்து தாங்க வேண்டும். 1974 ஜனவரியில் ஃப்ரேசியருடன் நடந்த இரண்டாவது சண்டையை அவர் வென்றதில் இந்தப் பிடிக்குப் பெரும்பங்கு உண்டு. அதனால்தான் 1975-இல் மணிலாவில் நடந்த மூன்றாவது சண்டைக்கு, பிடியை உடனுக்குடன் பிரித்துவிடும் நடுவர் வேண்டும் என்று ஃப்ரேசியரின் பயிற்சியாளர் எடி ஃபட்ச் பிடிவாதமாக நின்றார். பிலிப்பைன்ஸைச் சேர்ந்த கார்லோஸ் பாடில்லா நடுவரானார். அந்தச் சண்டை எத்தனை கொடுமையானதாக ஆனது என்பது உலகறிந்த செய்தி. 178 சென்டிமீட்டர் உயரமுள்ள டைசனின் பிடரி அலியின் கைக்கு மிகவும் தோதானது. ஆகவே நடுவர் பிடிக்க விடுபவரா, பிரிப்பவரா என்பதைச் சொல்லாமல் இந்தச் சண்டைக்கு முடிவு சொல்பவரை நான் நம்புவதில்லை.

அடுத்தது நேரம். டைசனின் 44 நாக்-அவுட்களில் பாதி முதற்சுற்றிலேயே நிகழ்ந்தவை. ஏழாவது சுற்றைத் தாண்டி அவர் ஒருவரை நிறுத்தியது அவருடைய வாழ்க்கை முழுவதிலும் ஒரே ஒரு முறை: 1986-இல், பத்தாவது சுற்றில், ஹோசே ரிபால்ட்டாவை. அலியோ அடிவாங்கியும் எழுந்து நிற்பவர். ஃப்ரேசியரின் ஹூக்கில் 15-ஆவது சுற்றில் மல்லாந்து விழுந்தவர், தாடை பலூன் போல் வீங்கிய நிலையிலும், அடுத்த கணமே எழுந்துகொண்டார். எனவே என் கணிப்பு இது: 1966-இன் அலியும் 1988-இன் டைசனும், சராசரியாகப் பிடிக்க அனுமதிக்கும் ஒரு நடுவர் முன், 15 சுற்றுக்குப் பத்து முறை மோதினால் அலி ஏழு முறை வெல்வார். அவற்றில் பெரும்பாலானவை பத்தாவது சுற்றுக்குப் பின் நடுவர் நிறுத்தும் வெற்றிகளாக இருக்கும். டைசன் வெல்லும் மூன்றும் முதல் நான்கு சுற்றுகளுக்குள் முடிந்துவிடும். 1974-இன் அலியைக் கொண்டுவந்தால் இந்தக் கணக்கு அலிக்குச் சாதகமாக மாறும் என்று சிலர் சொல்வார்கள். நான் அதை ஏற்கவில்லை. அந்த ஆண்டு கின்ஷாசாவில் கயிற்றில் சாய்ந்து நின்று ஜார்ஜ் ஃபோர்மனைக் களைக்கவைக்க முடிந்ததற்குக் காரணம், ஃபோர்மனின் குத்துகள் அகல வீசப்பட்டு, பெரும்பாலும் அலியின் கைகளிலேயே விழுந்து வீணானதுதான். குறுகிய தொலைவில் கைகளுக்கு இடையே நுழையும் டைசனின் அப்பர்கட்டுக்குக் கயிற்றில் சாய்ந்து கொடுப்பது, ஆட்டைக் கொண்டுபோய்ப் புலியின் குகையில் கட்டுவதற்குச் சமம்.

இனி, காலம் செல்லச் செல்ல வீரர்கள் மேம்பட்டுக்கொண்டே போகிறார்கள், அதனால் புதியவர் பழையவரை வெல்வார் என்ற பொது வாதத்தைப் பார்ப்போம். ஓட்டப்பந்தயத்தில் இதைக் கடிகாரம் சொல்லிவிடும். குத்துச்சண்டையில் கடிகாரம் இல்லை. இரண்டு காலத்திலும் வளையத்தில் நின்ற மனிதர்கள்தான் நமக்குச் சாட்சி. அலியிடம் தோற்ற ஃபோர்மன் 1991-இல், 42 வயதில், அப்போதைய சாம்பியன் எவாண்டர் ஹோலிஃபீல்டுக்கு எதிராக 12 சுற்றும் நின்று பாயிண்டில்தான் தோற்றார்; 1994-இல், 45 வயதில், மைக்கேல் மூரரை வீழ்த்திப் பட்டத்தையே கைப்பற்றினார். அலியின் பயிற்சித் துணைவராகத் தொடங்கிய ஹோம்ஸ் 1992-இல், 42 வயதில், அதுவரை தோல்வியே காணாத ஒலிம்பிக் சாம்பியன் ரே மெர்சரை வென்றார். அந்த மெர்சர் 1996-இல், தொண்ணூறுகளின் சாம்பியன்களில் ஒருவரான லெனாக்ஸ் லூயிஸை மிக நெருக்கமான தீர்ப்புவரை இழுத்துச் சென்றவர். எழுபதுகளின் மனிதர்கள் நாற்பதைத் தாண்டிய வயதில் தொண்ணூறுகளின் முன்னணியினரோடு இப்படி நின்றிருக்கிறார்கள் என்றால், அவர்களுடைய முப்பது வயதை எண்ணிப் பாருங்கள்.

ஆயினும் 'அ வென்றது ஆ-வை, ஆ வென்றது இ-யை' என்று சங்கிலி போட்டுவிடக் கூடாது. ஃப்ரேசியர் அலியை வென்றார். ஃபோர்மன் 1973-இல் அந்த ஃப்ரேசியரை இரண்டே சுற்றுகளில் ஆறு முறை தரையில் வீழ்த்தினார். அலியோ ஃபோர்மனை வீழ்த்தினார். கென் நார்ட்டன் மூன்று சண்டைகளில் 39 சுற்றுகள் அலியைத் திணறடித்து, ஒரு முறை தாடையையும் உடைத்தார். அதே நார்ட்டன் ஃபோர்மன் முன் இரண்டு சுற்றுகூட நிற்கவில்லை. ஒருவருடைய பாணி மற்றவர் பாணியோடு எப்படிப் பொருந்துகிறது என்பதுதான் சண்டையின் போக்கை நிர்ணயிக்கிறது.

இரண்டாம் பகுதிக்கு வருகிறேன். மார்சியானோவின் 49 வெற்றி, பூஜ்யம் தோல்வி என்ற கணக்கு மரியாதைக்குரியது. ஆனால் அவர் எடை 84 கிலோ, உயரம் 178 சென்டிமீட்டர், கைவீச்சு 173-ஐத் தாண்டாது. இன்றைய விதிப்படி 90.7 கிலோவுக்குட்பட்டவர்கள் குரூசர்வெயிட் பிரிவிலேயே சண்டையிடலாம். அவர் அங்கே அரசராக இருந்திருப்பார். 206 சென்டிமீட்டர் உயரமும் 216 சென்டிமீட்டர் கைவீச்சும் கொண்டு, 119 கிலோவும் அதற்கு மேலும் எடையோடு வளையம் ஏறும் ஃபியூரி அவர் தோளில் சாய்ந்து படுத்தே ஆறு சுற்றுகளில் அவர் கால்களை ஓயவைத்துவிடுவார். இதற்குமேல் இதில் பேச எனக்கு ஒன்றுமில்லை. சிறியவர் பெரியவரை வென்ற முன்னுதாரணமாக, 1919-இல் 85 கிலோ ஜாக் டெம்ப்சி 111 கிலோ ஜெஸ் வில்லார்டை முதற்சுற்றிலேயே ஏழு முறை வீழ்த்தியதைச் சொல்பவர்கள் உண்டு. விழுந்தவர் எழும்வரை அருகிலேயே நின்று, முழங்கால் தரையை விட்டதும் மறுபடி குத்த அன்று விதி இடம்கொடுத்தது என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஜோ லூயிஸ் வேறு ரகம். 1937 முதல் 1949 வரை பட்டத்தை வைத்திருந்து, 25 முறை காத்தவர். 188 சென்டிமீட்டர் உயரம், சுமார் 90 கிலோ. 118 கிலோ ப்ரிமோ கார்னெராவை 1935-இல் ஆறாவது சுற்றில் முடித்தவர் என்றாலும், கார்னெராவின் திறமையை வைத்து ஃபியூரியை அளக்க முடியாது என்பதால் அந்தச் சான்றை நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஃபியூரியிடம் லூயிஸ் பாயிண்டில் தோற்றிருப்பார் என்றே நினைக்கிறேன். நான் திரும்பத் திரும்ப யோசிப்பது லூயிஸ்–உசிக் மோதலைத்தான். உசிக் 191 சென்டிமீட்டர். குரூசர்வெயிட்டிலிருந்து ஏறி வந்தவர். 2024 மே மாதம் ரியாத்தில் ஃபியூரியை வென்றபோது அவர் எடை 101 கிலோ. லூயிஸுக்கு எட்டாத உடம்பல்ல.

லூயிஸின் பெருமை குறுகிய, நேரான குத்துகள். அவை ஓர் அடித் தொலைவில் புறப்பட்டு, கண் இமைக்கும் முன் இறங்கிவிடும். அவருடைய குறையைக் கண்டுபிடித்தவர் மாக்ஸ் ஷ்மெலிங். லூயிஸின் சண்டை ஒன்றை நேரில் பார்த்து, படச்சுருளையும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தவர், ஜாப் விட்ட பிறகு லூயிஸின் இடக்கை தாழ்ந்து திரும்புவதைக் கவனித்தார். 1936 ஜூன் 19-இல் அந்த இடைவெளி வழியே வலதுகையை மீண்டும் மீண்டும் செலுத்தி, 12-ஆவது சுற்றில் அவரை வீழ்த்தினார். லூயிஸ் அந்தக் குறையைச் சரிசெய்துகொண்டு 1938-இல் அதே ஷ்மெலிங்கை முதற்சுற்றிலேயே முடித்தார் என்பது கதையின் மறுபாதி. உசிக் ஷ்மெலிங்கைவிடக் கூர்மையாக எதிராளியைப் படிப்பவர். அதோடு, அவர் இடக்கைக்காரர்; வலதுகையும் வலதுகாலும் முன்னே இருக்க நிற்பவர். இடக்கை நிலையில் நிற்கும் ஒருவர் ஹெவிவெயிட் பட்டத்தை வென்றதே 1994-இல் மூரர் மூலம்தான் முதல் முறை என்றால், லூயிஸ் காலத்தில் அந்த ரகத்து எதிராளிகள் எவ்வளவு அரிது என்பதை ஊகித்துக்கொள்ளலாம். எதிர்த்திசையிலிருந்து வரும் ஜாபும், எப்போதும் தன் முன்கால் லூயிஸின் முன்காலுக்கு வெளியே இருக்குமாறு நகரும் உசிக்கின் கால்களும் லூயிஸுக்குப் பல சுற்றுகள் புதிராகவே இருந்திருக்கும்.

ஆனால் நகர்ந்து நகர்ந்து லூயிஸைத் திணறடித்த ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார். 1941 ஜூன் 18-இல் நியூயார்க்கில் பில்லி கான், லூயிஸைவிடப் பத்துக் கிலோவுக்கு மேல் எடை குறைந்தவர், 12 சுற்றுகள் முடிந்தபோது மூன்று மதிப்பெண் அட்டைகளில் இரண்டில் முன்னிலையிலும் ஒன்றில் சமநிலையிலும் இருந்தார். மூலையில் சொன்னதைக் கேளாமல், லூயிஸை வீழ்த்தியே தீருவேன் என்று 13-ஆவது சுற்றில் நின்று குத்தப்போனார். சுற்று முடிய இரண்டு விநாடி இருக்கையில் நாக்-அவுட் ஆனார். மார்சியானோ 1952-இல் ஜெர்சி ஜோ வால்காட்டிடம் பட்டம் பறித்த சண்டையும் அப்படியே: மூன்று அட்டைகளிலும் பின்தங்கியிருந்தவர், 13-ஆவது சுற்றில் ஒரு குறுகிய வலதுகைக் குத்தால் வால்காட்டை நாக்-அவுட் செய்துவிட்டார். பட்டச் சண்டைகள் எண்பதுகளில் 15-இலிருந்து 12 சுற்றுகளாகக் குறைக்கப்பட்டுவிட்டன. இன்றைய விதியை அப்படியே பொருத்தினால், ஹெவிவெயிட் வரலாற்றின் மிகப் புகழ்பெற்ற இரண்டு நாக்-அவுட்கள் நடக்கவே நடந்திரா. 12 சுற்றுதான் என்று தெரிந்திருந்தால் லூயிஸ் முன்னதாகவே முடுக்கியிருப்பார் என்ற பதில் வாதமும் உண்டு; அதை நான் மறுக்கவில்லை.

ஆகவே லூயிஸ்–உசிக் மோதலுக்கு நான் இரண்டு முடிவுகள் தருவேன். இன்றைய விதிப்படி 12 சுற்று என்றால், உசிக் பாயிண்டில் வெல்வார். எட்டாவது சுற்றுவாக்கில் ஒருமுறையாவது அவர் விழுந்து எழுந்திருப்பார் என்றும் சேர்த்துச் சொல்வேன். 1941-இன் விதிப்படி 15 சுற்று, 10 அவுன்ஸுக்கும் மெலிந்த அன்றைய கையுறை, கடைசி மூன்று சுற்றுகளில் களைத்த கால்கள் என்றால், என் கையிலிருக்கும் பணத்தை லூயிஸின் வலதுகை மீது வைப்பேன்.